நெடுந்தூர ஓட்டமும் புள்ளிக் கணக்கும்

ஒரு சமூகம் எதனை மெய்யாக மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், அதன் மேடைப் பேச்சுக்களைக் கேட்பதினும் அது பரிசு வழங்கும் முறையை உற்று நோக்குதல் நலம். பேச்சில் எல்லோரும் முயற்சியைப் புகழ்வர். பரிசு வழங்கும் வேளையிலோ வெற்றி ஒன்றே கண்ணுக்குத் தோன்றும். விளையாட்டு விழாக்களில் இவ்வுண்மை ஆண்டுதோறும் விளங்கக் காண்கிறோம். முதலில் வந்தவனுக்கு 5 புள்ளி, இரண்டாவது வந்தவனுக்கு 3, மூன்றாவது வந்தவனுக்கு 1 என்று கணக்கிட்டு, மாலையில் கோப்பைகளை வழங்கிக் கைதட்டிக் கலைகின்றோம். நான்காவதாக வந்தவன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஓடாமலே இருந்தவனுக்கும் அவனுக்கும் கணக்களவில் வேற்றுமை யாதுமில்லை. அடுத்த ஆண்டில் அவன் பார்வையாளர் வரிசையில் அமர்ந்துவிடுவானாயின், அவனைக் குறை கூறுதற்கு நமக்கு வாயில்லை.

இங்கிலாந்திலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் ஊர்தோறும் அமைந்துள்ள ஓட்டச் சங்கங்கள் பல, இக்குறையை நீக்குதற்கு வேறொரு வழியைக் கைக்கொண்டுள்ளன. ஒரு நாளில் ஒரு பந்தயத்தை நடத்தி முடித்துவிடாமல், ஆண்டு முழுவதும் பரந்து நிற்கும் பல நெடுந்தூரப் பந்தயங்களை ஒரு கோவையாகத் தொடுத்து, ஒவ்வொன்றிலும் ஓடினோர்க்குப் புள்ளி வழங்கி, ஆண்டிறுதியில் அப்புள்ளிகளைக் கூட்டிப் பரிசளித்தலே அவ்வழி. இதனைப் பந்தயக் கோவை என்று ஈண்டு வழங்குவோம். இம்முறை தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதன் விதிகள் எவ்வாறு வகுக்கப்படுகின்றனவோ அவ்வாறே அதன் பயனும் அமையும். நன்கு வகுக்கப்படின், வேகமுடைய சிலரை மட்டுமன்றி நிலையாக முயலும் பலரையும் அது வளர்க்க வல்லதென்பது எமது துணிபு. அதற்குரிய காரணங்களை இவ்வியாசத்திற் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் இம்முறையின் வரலாறு சிறிது அறியத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களில் முயலும் வேட்டைநாயும் என்றொரு விளையாட்டு வழங்கிவந்தது. ஓரிருவர் முயல்களாக முன்னே ஓடிக் காகிதத் துணுக்குகளைச் சிதறிக்கொண்டே செல்ல, ஏனையோர் வேட்டைநாய்களாக அத்தடம் பற்றி வயலும் வேலியும் ஓடையும் கடந்து துரத்துவர். இவ்விளையாட்டினின்றே வயல்வெளி ஓட்டம் பிறந்தது. 1868-ஆம் ஆண்டில் தேம்ஸ் ஹேர் அண்டு ஹவுண்ட்ஸ் என்னும் சங்கம் லண்டனில் நிறுவப்பெற்றது. 1876-இல் எப்பிங் காட்டில் இங்கிலாந்து தேசத்துக்கான முதற் போட்டியும் நடத்தப்பெற்றது. ஆனால் ஓடியோர் அனைவரும் வழிதப்பிப் போயினமையால் அப்போட்டி செல்லாதென்று தள்ளப்பட்டது. நகைப்புக்கிடமான இந்நிகழ்ச்சியில் ஒரு பாடமுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வயல்வெளி ஓட்டம் புள்ளிக் கணக்கிற்கு ஒரு புதுப் பொருளைத் தந்தது. ஓட்டம் தனி மனிதன் செயலாயினும், அங்கே வெற்றி குழுவினுடையதாயிற்று. அமெரிக்கக் கல்லூரிகளில் இன்று வழங்கும் முறைப்படி, ஒரு குழுவில் 7 பேர் ஓடுவர்; முன்னே வந்த 5 பேரின் இடங்களைக் கூட்ட, எக்குழுவின் தொகை குறைந்ததோ அக்குழுவே வெல்லும். ஒரு குழுவினர் முதல் 4 இடங்களையும் பற்றிக்கொண்டனர் என்றும், அவர்தம் ஐந்தாமவன் 40-ஆவதாக வந்தான் என்றும் வைத்துக்கொள்வோம். அவர்கள் தொகை 50. மற்றொரு குழுவினர் 5 முதல் 9 வரையுள்ள இடங்களில் ஒருவர் பின் ஒருவராக வந்தனராயின் அவர்கள் தொகை 35. முதல்வனும் இரண்டாமவனும் மூன்றாமவனும் நான்காமவனும் தங்கள் பக்கம் இருந்தும் முதற் குழு தோற்கின்றது. ஆகவே குழுவின் தலைவிதி அதன் ஐந்தாமவன் கால்களில் இருக்கின்றது. யாரும் பாராட்டாத அவ்வைந்தாமவனை ஊக்கி வளர்க்காத குழு தழைப்பதில்லை. கணக்கை மாற்றினால் மனிதரை மதிக்கும் முறையும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சாலைகளில் நடைபெறும் பந்தயங்களுக்கு இக்கருத்துப் பரவியது சிறிது பிற்காலத்தில். பாஸ்டன் மாரத்தான் 1897-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்றாயினும், அரைநூற்றாண்டுக்குப் பின்னும் அமெரிக்காவில் நெடுந்தூரம் ஓடுவோர் மிகச் சிலரே. 1948-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிலும் 1952-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிலும் தடைதாண்டும் நெடிய ஓட்டத்திற் கலந்துகொண்ட பிரௌனிங் ராஸ் என்பார், இங்கிலாந்தில் 1952-இல் தோன்றிய சாலை ஓட்டக்காரர் சங்கத்தைப் பார்த்து, அத்தகைய சங்கங்கள் தம் நாட்டிலும் வேண்டுமென்று தாம் நடத்திய சிறு பத்திரிகையின் வாயிலாக வற்புறுத்தினார். அதன் பயனாக 1958-இல் அமெரிக்கச் சாலை ஓட்டச் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டிலேயே நியூயார்க் நகரச் சங்கமும் தோன்றிற்று. அதன் முதல் தலைவர் டெட் கார்பிட். அடிமைகளின் வழித்தோன்றலாகிய இவர், 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் மாரத்தானில் ஓடியவர். உடற்பயிற்சி வாயிலாக நோய் தீர்க்கும் தொழிலைச் செய்து பிழைத்தவர். பின்னர்க் கூறப்போகும் ஒரு பெருங்காரியத்தை உலகுக்குச் செய்தவரும் இவரே.

இச்சங்கங்கள் நடத்தும் பந்தயக் கோவையின் விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். எனினும் பொதுவியல்பு பெரும்பாலும் ஒன்றே. ஆண்டின் தொடக்கத்தில் இன்னின்ன பந்தயங்கள் கோவையிற் சேர்ந்தவை என்று அறிவிப்பர். அவற்றுள் 5 கிலோமீட்டர் ஓட்டமும் இருக்கும். அரை மாரத்தானும் இருக்கும். மலைப்பாதையும் மணற்பாதையும் இருக்கும். ஓடுவோரை ஆண் பெண் என்றும், ஐந்தைந்து அல்லது பத்துப்பத்து வயது கொண்ட பிரிவுகளாகவும் வகுப்பர். ஒவ்வொரு பிரிவிலும் வந்த வரிசைப்படி புள்ளிகள் இறங்கிச் செல்லும். ஓடி முடித்தமைக்கென்றே தனிப்புள்ளி வழங்குதலும் உண்டு. ஆண்டிறுதியில் அங்கத்தினர் கூடி உணவருந்துகையில், புள்ளிகளைக் கூட்டிய பட்டியல் வாசிக்கப்பெறும். பரிசோ ஒரு மரப்பலகை, ஒரு குவளை, ஒரு மேலாடை. பணமதிப்பில் அற்பமாகிய அவற்றைப் பெறுவதற்கு முதியோரும் இளையோரும் ஆண்டு முழுதும் பனியிலும் வெயிலிலும் ஓடுகின்றனர் எனின், அவர்கள் ஓடுவது பலகைக்காக அன்றென்பது வெளிப்படை.

ஒரு பந்தயத்தினும் பந்தயக் கோவை எவ்வாறு சிறந்தது? ஒரு நாளின் வெற்றியில் தற்செயலுக்கு இடம் மிகுதி. அன்று ஒருவனுக்குக் காய்ச்சல். மற்றொருவனுக்குக் காலிற் கல் தடுக்கிற்று. வேறொருவனுக்கு நல்ல உறக்கம் வாய்த்தது. பத்துப் பந்தயங்களில் அத்தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைய, மனிதனின் மெய்யான இயல்பு எஞ்சி நிற்கும். பாஸ்டன் மாரத்தானில் ஓடிய ஜான் கெல்லி என்பார் வாழ்க்கை இதற்கு உரைகல். மின்சாரக் கம்பெனியொன்றில் உழைத்துப் பிழைத்த அவர், அப்பந்தயத்தில் 61 முறை புறப்பட்டு 58 முறை ஓடி முடித்தார். 1935-இலும் 1945-இலும் முதல்வராக வந்தார். 7 முறை இரண்டாமவராக வந்தார். 1992-இல் தம் 84-ஆம் வயதிலும் அத்தூரத்தை ஓடிக் கடந்தார். ஒருநாட் கணக்கில் அவர் இருமுறை வென்றவர்; அவ்வளவே. ஆண்டுகளைக் கோத்து எண்ணும் கணக்கிலோ அவருக்கு நிகராவார் அரியர். பந்தயப் பாதையின் ஓரத்தில், இளைஞரான கெல்லியும் முதியவரான கெல்லியும் கைகோத்து ஓடுவதாக அந்நகரத்தார் சிலை வைத்திருப்பது, அவர்களும் இந்த இரண்டாவது கணக்கையே மனத்தில் கொண்டனர் என்பதைக் காட்டும்.

ஆயினும் புள்ளிக் கணக்கு எப்போதும் நேரக் கணக்கினும் மேலானது என்று கூறிவிடலாகாது. பிரான்சு தேசத்தைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் 1903-இல் தொடங்கியபோது, நேரத்தைக் கூட்டியே வெற்றி கணிக்கப்பட்டது. 1905 முதல் 1912 வரை அதனை விடுத்து, அன்றன்று வந்த இடத்தைக் கொண்டு புள்ளி கணக்கிட்டனர். வழியில் சைக்கிள் முறிந்து பல மணிநேரம் இழந்தவனும் இதனால் முற்றிலும் கெடாது மறுநாள் நம்பிக்கையோடு புறப்படலாயிற்று, இது நன்மை. ஆனால் ஒரு கணத்தில் முந்தியவனுக்கும் ஒரு மணிநேரம் முந்தியவனுக்கும் மதிப்பு ஒன்றேயாதலின், தன் முழு வலிமையையும் காட்டி ஓடவேண்டும் என்னும் ஊக்கம் குறைய இடமுண்டாயிற்று. 1913-இல் மீண்டும் நேரக் கணக்கிற்கே திரும்பினர். கணக்கு எதுவாயினும் அது ஒன்றைக் காட்டும்போது மற்றொன்றை மறைக்கும். ஆதலின் விதி வகுப்போர், தாம் மறைப்பது யாதென்பதையும் அறிந்து வகுத்தல் வேண்டும். அவ்வாறு வகுக்கப்படும் கோவைக்கு இன்றியமையாதன என்று நாம் கருதும் விதிகள் நான்கு.

முதலாவது, பாதை மெய்யாக அளக்கப்பட்டிருத்தல் வேண்டும். எப்பிங் காட்டில் வழிதப்பியோர் கதை இதற்கே. ஓடியோர் எவ்வளவு நேர்மையுடையராயினும், தூரம் பொய்யாயின் பந்தயம் பொய்யே. டெட் கார்பிட் இதனை உணர்ந்து, சாலைப் பந்தயப் பாதைகளை அளக்கும் முறை குறித்து 1964-இல் ஒரு நூல் வெளியிட்டார். அளவறிந்த ஒரு தூரத்தில் சைக்கிளை உருட்டி, சக்கரம் எத்தனை முறை சுழல்கின்றது என்று கண்டு, அச்சுழற்சியைக்கொண்டு பந்தயப் பாதை முழுவதையும் அளக்கும் முறையை அவர் அந்நாட்டில் நிலைநாட்டினார். உலகெங்கும் சாலைப் பந்தயங்கள் இன்றும் இவ்வாறே அளக்கப்படுகின்றன. அளவிற் பிழை நேர்ந்தாலும் பாதை குறைந்துவிடலாகாதென்று, கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பதும் வழக்கம். 1981-ஆம் ஆண்டு நியூயார்க் மாரத்தானில் உலகச் சாதனை என்று கொண்டாடப்பட்ட நேரம், பாதை ஏறக்குறைய 150 மீட்டர் குறைந்திருந்ததாகப் பின்னர் அளந்து கண்டமையாற் செல்லாததாயிற்று. தம் நகரத்துப் பெருமையே குறையினும் அளவு பிழையலாகாது என்னும் இவ்வுறுதியே விளையாட்டின் உயிர்.

இரண்டாவது, எல்லாப் பந்தயங்களையும் எண்ணாது, ஒருவர் ஓடியவற்றுள் சிறந்தன சிலவற்றையே எண்ணுதல் வேண்டும். பத்துப் பந்தயங்கள் நடைபெறுமாயின் ஆறு அல்லது ஏழின் புள்ளிகளே கணக்கிற் சேரும் என்று பல சங்கங்கள் விதித்துள்ளன. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது சலுகையாகத் தோன்றும். உண்மையில் இது நீதி. ஞாயிற்றுக்கிழமையிலும் தொழிற்சாலைக்குச் செல்லவேண்டிய உழைப்பாளியும், நோயுற்ற தாயின் அருகிலிருந்து அகலமாட்டாத மகளும், தேர்வுக்குப் படிக்கும் மாணவனும் எல்லாப் பந்தயங்களுக்கும் வருதல் இயலாது. எல்லாவற்றையும் எண்ணுவோமாயின், ஓய்வுடையோருக்கே பரிசு என்று மறைமுகமாக விதித்தவராவோம். அன்றியும் காலில் நோவு கண்டவன், புள்ளி போய்விடுமே என்னும் அச்சத்தால் நோவோடு ஓடி நிரந்தர ஊனம் அடைவதையும் இவ்விதி தடுக்கின்றது. கண்டிப்பான கணக்கினுள் இரக்கத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கிய விதி இது.

மூன்றாவது, வயதும் பாலும் ஓட்டத்துக்குத் தடையாகாதபடி கணக்கு அமைதல் வேண்டும். கலிபோர்னியாவில் 1905 முதல் நடந்துவரும் டிப்சி என்னும் மலைப்பந்தயத்தில், வயது முதிர்ந்தோரையும் சிறுவரையும் சில நிமிஷங்கள் முன்னதாகப் புறப்படவிட்டு, வலியோரைக் கடைசியில் விடுவர். யார் முதலில் எல்லையைத் தொடுகின்றாரோ அவரே வென்றவர். 2010-இல் 8 வயதுச் சிறுமி ஒருத்தி அப்பந்தயத்தை வென்றாள். 2012-இல் 72 வயது முதியவர் ஒருவர் வென்றார். இதே நோக்கத்தைப் புறப்படும் நேரத்தை மாற்றாமலே நிறைவேற்றும் பொருட்டு, உலக மூத்தோர் தடகளச் சங்கத்தார் 1989-இல் வயதுவாரி அட்டவணை ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு வயதினருக்கும் ஒவ்வொரு தூரத்துக்கும் மிகச் சிறந்த நேரம் இன்னதென்று அதிற் கண்டிருக்கும். ஒரு மூதாட்டிக்குரிய சிறந்த நேரம் 42 நிமிஷம் என்றும், அவர் ஓடிய நேரம் 60 நிமிஷம் என்றும் கொண்டால், அவர் பெறுவது 100-க்கு 70. அவருக்கு முன்னே 45 நிமிஷத்தில் ஓடி வந்த இளைஞனுக்குரிய சிறந்த நேரம் 27 நிமிஷமாயின், அவன் பெறுவது 60 மட்டுமே. கடிகாரம் இளைஞனை முதலில் நிறுத்திற்று. அட்டவணை மூதாட்டியை முதலில் நிறுத்திற்று. இரண்டும் உண்மையே. இரண்டையும் ஒருங்கே சொல்லவல்லது பந்தயக் கோவை.

பெண்மக்கள் திறத்தில் இந்நீதி எளிதில் வந்ததன்று. 1928-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்து, அது அவர்தம் உடலுக்கு ஒவ்வாதென்று கூச்சலிட்டு, 1960 வரை அதனை விலக்கியே வைத்திருந்தனர். பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984-இல்தான் தொடங்கிற்று. இடையில் 1972-ஆம் ஆண்டு நியூயார்க் மாரத்தானில், பெண்கள் ஆடவருடன் புறப்படலாகாது, 10 நிமிஷம் முன்னதாகத் தனியே புறப்படவேண்டும் என்று அந்நாட்டுத் தடகள அதிகாரிகள் விதித்தனர். ஓட வந்த 6 பெண்களும் வெடிகேட்டவுடன் ஓடாது, புறப்படும் கோட்டின்மீதே அமைதியாக அமர்ந்துவிட்டனர். 10 நிமிஷம் கழிந்து ஆடவர்க்கு வெடி தீர்ந்தபோதே எழுந்து அவர்களோடு ஓடினர். ஓடுதற்கென்று வந்தோர் ஓடாதிருந்தே ஈட்டிய வெற்றி அது. தம்மைத் தனியே பிரித்துத் தள்ளும் விதியை அவர்கள் வெறுத்தனர். தமக்குரிய புள்ளியைத் தனியே எண்ணும் விதியை வெறுத்தாரில்லை. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையை விதி வகுப்போர் மறத்தலாகாது.

நான்காவது, ஓடியோர்க்கு மட்டுமன்றி உழைத்தோர்க்கும் புள்ளி வேண்டும். ஒரு பந்தயம் நடைபெறுதற்குப் பாதையின் திருப்பங்களில் நின்று வழிகாட்டுவோர், தண்ணீர் தருவோர், நேரம் குறிப்போர், இறுதியில் குப்பை பொறுக்குவோர் எனப் பலர் வேண்டும். இவர்கள் ஓடும் விருப்பத்தை அன்றைக்கு அடக்கிக்கொண்டு நிற்பவர்கள். ஆதலின் தொண்டு செய்த நாளையும் ஓடிய நாளாகவே கணக்கிடும் சங்கங்கள் உள. நியூயார்க் சங்கத்தில், ஓராண்டிற்குள் 9 பந்தயங்களில் ஓடி, 1 பந்தயத்தில் தொண்டும் புரிந்த அங்கத்தினர்க்கு மறு ஆண்டு மாரத்தானில் இடம் உறுதியாகக் கிடைக்கும். 9 பந்தயம் ஓடியவனும் அந்த ஒரு நாளைத் தொண்டுக்குக் கொடாவிடின் இவ்வழியால் அவ்வுறுதியைப் பெறான். 1970-இல் 127 பேர் புறப்பட்டு 55 பேர் முடித்த அம்மாரத்தான், இன்று ஐம்பதினாயிரம் பேர் ஓடும் பெருவிழாவாக வளர்ந்திருப்பதற்கு, ஓடுவோர் கைகளில் தண்ணீர்க் குவளையையும் கொடுத்துப் பழக்கிய இத்தகைய ஏற்பாடுகள் துணையென்றே கருதுகிறோம்.

இனி, மாறுபட்ட கொள்கையையும் நேர்மையாக எடுத்துரைத்தல் கடன். புள்ளியும் பட்டியலும் ஓட்டத்தின் இன்பத்தைக் கெடுக்கும். மெலியோரை அச்சுறுத்தி வீட்டிலேயே இருத்திவிடும். ஆதலின் எண்ணுவதையே விடுத்துவிடுவோம் என்பர் சிலர். இக்கொள்கைக்கு வலிய சான்றும் உண்டு. 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் லண்டனை அடுத்த புஷி பூங்காவில் பால் சிண்டன்-ஹியூவிட் என்பார் 13 பேரைக் கூட்டி ஓடச்செய்தார். பார்க்ரன் என்னும் பெயரால் அது 20-க்கு மேற்பட்ட நாடுகளில் பரவி, சனிக்கிழமைதோறும் கட்டணமின்றி 5 கிலோமீட்டர் ஓடவும் நடக்கவும் எவரையும் அழைக்கின்றது. 2024-இல் அதனை நடத்துவோர், பாதைவாரியான அதிவேகச் சாதனைகளையும், அதிகமுறை முதலில் வந்தோர் பட்டியலையும் தம் பொது அறிக்கைகளினின்று நீக்கிவிட்டனர். புதியோர் அவற்றைக் கண்டு மனந்தளர்வர் என்பது அவர்கள் கூறிய காரணம். வேகமாக ஓடுவோர் பலர் இதனை எதிர்த்து முறையிட்டனர்.

அவர்கள் நோக்கம் நன்றே. ஆயினும் ஆழ்ந்து நோக்கின், அவர்களும் எண்ணுவதை விட்டாரில்லை. 25, 50, 100, 250, 500, 1000 முறை ஓடியோர்க்குத் தனித்தனி வண்ண மேலாடை உண்டு. அவ்வாறே தொண்டு புரிந்தோர்க்கும் உண்டு. வேகத்தை எண்ணுவதைக் குறைத்து, வருகையை எண்ணுவதைப் பெருக்கினர், அவ்வளவே. எண்ணப்படவேண்டும் என்னும் விருப்பம் மனிதர்க்கு இயல்பு. நான் வந்தேன், என்னைக் கண்டார்கள், என் பெயரை எழுதினார்கள் என்னும் நினைவு ஒருவனை அடுத்த வாரமும் படுக்கையினின்று எழுப்பும். ஆகவே எண்ணுதல் தீதன்று. ஒன்றையே எண்ணுதல் தீது. வேகத்தை எண்ணுக, அதனோடு வருகையையும், வயதையும், தொண்டையும் எண்ணுக. வேகமுடையோனின் புகழை மறைத்துத்தான் மெலியோனை மகிழ்விக்க முடியும் என்பது, அவ்விருவரையும் இழிவாகக் கருதுவதாகும்.

பரிசின் மதிப்பைப் பற்றியும் ஒரு சொல். புள்ளியைத் துரத்துவோர் சிலர், வலியோர் வாராத பந்தயங்களாகத் தேர்ந்து ஓடுவர். பிரிவில் ஆளில்லாத வயதெய்தும் ஆண்டுக்காகக் காத்திருப்பர். ஒரு புள்ளிக்காகப் பட்டியல் எழுதியவரோடு வழக்கிடுவர். இவை மனித இயல்பின் சிறுமைகள். எக்கணக்கும் இவற்றை அறவே ஒழிக்காது. ஆனால் பரிசு சிறியதாக இருப்பின் சிறுமையும் சிறியதாகவே இருக்கும். கோவையின் பரிசு கையிற் பிடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்க ஒரு நினைவுப்பொருளாக இருக்கும் வரையில் அது நட்பை வளர்க்கும்; விற்று வாழத்தக்க பொருளாகும் நாளில் சங்கம் சந்தையாகும்.

நம் கல்லூரிக்கு இதனால் ஆவது யாது? நம் மாணாக்கருள் மைதானத்திற் பெயர்பெற்றோர் மிகச் சிலர். ஏனையோருக்கு விளையாட்டு என்பது பார்ப்பதற்குரிய பொருளாய்விட்டது. இருபது வயதிற் பார்வையாளனாக அமர்ந்தவன் நாற்பது வயதில் மருத்துவர் வாயிலில் அமர்கின்றான். மருத்துவ நூல் வல்லார் நீரிழிவும் இருதய நோயும் நம் மக்களிடைப் பெருகிவருதலைக் கண்டு கவலும் இந்நாளில், இது விளையாட்டுப் பேச்சன்று. ஆடி முதல் மாசி வரை, மாதம் ஒன்றாகவேனும், விடியற்காலையில் வெயில் ஏறுமுன் 3 முதல் 10 கிலோமீட்டர் வரை ஓடும் பந்தயங்கள் சிலவற்றைக் கோவையாக அமைத்தல் நமக்கு அரிதன்று. 8 நடத்தி 5-ஐ எண்ணலாம். வெளியூரினின்று ரெயிலிலும் பஸ்ஸிலும் வந்து படிப்போர்க்கு அது நீதியாகும். விடுதி, வகுப்பு என்னும் குழுக்களாகப் பிரித்து ஐந்தாமவனையும் எண்ணலாம். மாணவியர்க்கும், ஆசிரியர்க்கும், அலுவலகப் பணியாளர்க்கும், பழைய மாணவர்க்கும் வயதுவாரி இடமளிக்கலாம். நரைத்த தலையுடைய பேராசிரியரும் முதலாண்டு மாணவனும் ஒரே கோட்டில் நின்று புறப்படும் காட்சி, நூறு சொற்பொழிவுகளினும் மிகுதியாக இருசாராரையும் ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்விக்கும். இதற்கு வேண்டும் செலவோ மிகச் சிறிது: அளந்த பாதை, நம்பத்தக்க கடிகாரம், குடிநீர், வரிக்கு வரி பிழையின்றி எழுதப்பட்ட ஒரு பேரேடு.

திருவள்ளுவர் ஊக்கத்துக்கு ஓர் அதிகாரமும், சோம்பலின்மைக்கு ஓர் அதிகாரமும், விடாமுயற்சிக்கு ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வகுத்து வைத்தார். வேகத்துக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தாரில்லை. வேகம் சிலருக்குப் பிறப்பிலேயே வாய்ப்பது. விடாமுயற்சி எவர்க்கும் கைகூடுவது. பரிசு ஏட்டில் முன்னதற்குப் பத்திகள் பல ஒதுக்கிப் பின்னதற்கு ஒரு வரியும் ஒதுக்காத நாம், இளைஞர் முயல்வதில்லை என்று வருந்துதல் பொருந்துமா? கடைசியாக ஓடி வருபவனின் பெயரை எழுதும் வரையில் எழுதுகோலை மூடாத ஒரு பேரேட்டை முதலில் திறப்போம். அப்பேரேட்டில் தன் பெயரும் ஏறும் என்றறிந்தால், இன்று வேலியோரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவனும் நாளை கோட்டில் வந்து நிற்பான் என்பதில் எமக்கு ஐயமில்லை.